காலிப் பணியிடம் ஏழு

நெடுங்கரைப்பட்டினத்துக் கடல்நீர் ஆய்வு நிலையத்தில் காலியாகக் கிடந்த நாற்காலிகள் வேலை பார்க்கத் தொடங்கி மூன்று வருஷம் கழித்துத்தான் விஷயம் சென்னைக்குத் தெரிந்தது. அதையும் யாரும் போய்ச் சொல்லவில்லை. ஆய்வுத்திறன் கணக்கெடுப்பு அலுவலகத்துக் கணினியில் ஒரு கட்டம் சிவப்பாக மாறி, எதைத் தட்டினாலும் பச்சையாக மாட்டேன் என்று நின்றது, அப்படித்தான் தெரிந்தது.

அந்தக் கணினிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் சுந்தரவடிவு. ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. நாட்டில் எத்தனை பேர் ஆராய்ச்சி செய்கிறார்கள், எந்தக் கருவியைக் கொண்டு செய்கிறார்கள், செய்ததில் என்ன விளைந்தது என்று ஊர் ஊராகக் கேட்டு, நாற்பத்தாறு பக்கப் படிவத்தில் எழுதி, பத்து லட்சம் ஜனத்துக்கு இத்தனை ஆய்வாளர் என்று ஒரு எண்ணைச் செய்து டெல்லிக்கு அனுப்புவது அவளுடைய வேலை. டெல்லி அந்த எண்ணை மற்ற நாடுகளின் எண்களோடு ஒரு பட்டியலில் நிறுத்தும். முப்பத்தோரு வருஷத்தில் நாடு அந்தப் பட்டியலில் இரண்டு படி ஏறி ஒரு படி இறங்கியிருந்தது. ஏறியபோதும் இறங்கியபோதும் அவள் இதே நாற்காலியில் உட்கார்ந்து மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நெடுங்கரைப்பட்டினம் அனுப்பியிருந்த படிவத்தில் ஆய்வாளர்கள் நான்கு பேர் என்று இருந்தது. அந்த நான்கு பேர் மூன்று வருஷத்தில் அறுபத்தோரு ஆய்வுக் கட்டுரைகளும், ஊர்க் கிணறுகளைப் பற்றி இரண்டாயிரத்து அறுநூறு நீர் அறிக்கைகளும் எழுதியிருந்தார்கள். மனிதர்களால் ஆகிற காரியம் இல்லை என்று கணினிக்கே தெரிந்துவிட்டது.

இணை இயக்குநர் திருவேங்கடநாதன் தன் அறையிலிருந்தே சொன்னார். "நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடுங்க மேடம். ஒண்ணு ஆள் கணக்கு தப்பு, இல்லேன்னா கட்டுரைக் கணக்கு தப்பு. எதைத் திருத்தினாலும் எனக்குச் சம்மதம்."

ரயிலில் தூத்துக்குடி வரைக்கும் போய், அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, உப்பளங்களுக்கு நடுவே ஒரு கோடு மாதிரி ஓடிய ரோட்டில் இறங்கி, கண்ணைக் கூசும் வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து அவள் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பதினோரு மணி. ஆய்வுக்கூடத்து வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணினாள். எந்த நிலையத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் செய்வாள், பதிவேடு சொல்வதைவிடச் செருப்பு சரியாகச் சொல்லும் என்பது அவள் அனுபவம். ஐந்து ஜோடி இருந்தது. ஆனால் உள்ளேயிருந்து இருபது இருபத்தைந்து பேர் வேலை பார்க்கிற சத்தம் வந்தது. காகிதம் புரள்கிற சத்தம், கண்ணாடிக் குழாய் தாங்கியில் இடிக்கிற சத்தம், நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம், பேனா மூடியைக் கழற்றி மாட்டுகிற சத்தம். பேச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

பொறுப்பு இயக்குநர் கனகசபாபதி ஆறு வருஷமாகப் பொறுப்பிலேயே இருந்து நரைத்துப்போன மனிதர். அவளை உட்காரவைத்து, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, கேட்காமலே சொன்னார்.

"மொத்தம் இருபத்துமூணு ஆய்வாளர் பணியிடம் மேடம். ஆள் இருக்கிறது நாலு. மீதி பத்தொம்பதும் காலி."

"அப்ப உள்ள யார் வேலை பாக்கறது?"

"காலியிடம்தான் பாக்குது."

சுந்தரவடிவு கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படிவத்தைப் பிரித்து, பேனாவைத் திறந்தாள். "எந்தத் தேதிலேர்ந்து?" என்று கேட்டாள்.

கனகசபாபதிக்குத் தேதி ஞாபகம் இருந்தது. நிலையத்தின் கடைசி வேதியியல்காரர் மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றார். மாலை போட்டு, மிக்சர் கொடுத்து, ஜீப்பில் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு அவர் நாற்காலியின் மெத்தை யாரோ உட்கார்ந்தது போல அமுங்கியது. சாயங்காலம் ஐந்துக்கு மேலெழும்பியது. மேஜையில் பன்னிரண்டு கிணற்றுத் தண்ணீரின் உப்பளவு சோதித்து முடித்து, நோட்டில் சாய்ந்த கையெழுத்தில் எழுதி வைத்திருந்தது. போய்விட்ட வேதியியல்காரரின் எழுத்து நேராக நிற்கும். இது அவர் எழுத்து இல்லை. அந்த வாரத்திலேயே பக்கத்து நாற்காலி அமுங்கியது, அடுத்த வாரம் அதற்கடுத்தது, ஆடி பிறப்பதற்குள் பத்தொன்பதும் அமுங்கிவிட்டன. பத்தொன்பதுக்கும் பத்தொன்பது விதமான கையெழுத்து.

முதல் மாதம் ஊருக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. கோயில்காரர்கள் விபூதி கொண்டுவந்தார்கள், சர்ச்சிலிருந்து தீர்த்தம் வந்தது, தர்காவிலிருந்து ஒருவர் வந்து ஓதி ஊதிவிட்டுப் போனார், நாற்காலிகள் எதையும் கண்டுகொள்ளாமல் உப்பளவு பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு பயம் போய்ப் பழக்கம் வந்தது. கேன்டீன் நடத்துகிற மைதீன் பதினொன்றுக்கும் மூன்றரைக்கும் இருபத்துநான்கு டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பார், எல்லா டம்ளரும் காலியாகத் திரும்பும், பதினாலாம் நாற்காலி மட்டும் பாதியைக் குடித்துவிட்டு வைக்கும் என்பதால் அதற்கு அரை டீ என்று வழக்கமாகிவிட்டது. ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு நாற்காலிக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்கள், கிறிஸ்துமசுக்கு ஒவ்வொரு மேஜையிலும் முறுக்கும் கேக்கும் வைத்தார்கள், பொது வேலைநிறுத்தம் நடந்த நாளில் ஒரு நாற்காலிகூட அமுங்கவில்லை என்பதைப் பார்த்துச் சங்கத்துக்காரர்கள் நெகிழ்ந்துபோய் பத்தொன்பது உறுப்பினர் அட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்பதாம் நாற்காலியின் எழுத்து முத்து முத்தாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கல்யாணமாகாத மகன் இருக்கிற ஒரு அம்மா, அது ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை வந்து போனாள்.

ஊர் இதையெல்லாம் சுலபமாக ஏற்றுக்கொண்டதற்குக் கிணறுகள்தான் காரணம். கடல் மண்ணுக்கடியில் வருஷத்துக்குக் கொஞ்சமாக ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. இந்த மாதம் குடித்த கிணறு அடுத்த மாதம் உவர்த்துவிடும். நாக்குக்குத் தெரிவதற்கு முன்பே உப்பு உடம்புக்குள் போய்விடும். நிலையத்தில் ஆள் குறைந்துபோன வருஷங்களில் அறிக்கை ஆறு மாதத்துக்கு ஒன்றாக வந்தது. அந்த வருஷங்களில் வீட்டுக்கு ஒருவர் கல்லடைப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தார். நாற்காலிகள் வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு எழுபத்துநான்கு கிணறுகளுக்கும் மாதம் பிறந்தால் சீட்டு வந்தது: குடிக்கலாம், சமைக்கலாம், துணிக்கு மட்டும். மூன்று வருஷத்தில் ஒரு சீட்டும் பொய்க்கவில்லை. எழுதுகிறவர் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று யாருக்கும் குறை இல்லை.

கட்டுரைகளை வெளியிடத்தான் பெயர் தேவைப்பட்டது. கனகசபாபதி யோசித்துப் பார்த்து, காலிப் பணியிடம் என்பதைச் சுருக்கி கா.ப. மூன்று, கா.ப. ஏழு, கா.ப. பதினொன்று என்று எழுதி அனுப்பினார். பத்திரிகைகள் அதை முன்னெழுத்தும் பெயரும் என்று எடுத்துக்கொண்டன. நார்வேயிலிருந்து ஒரு பேராசிரியர், திரு. ஏழு அவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஒரு மாதம் தங்க வேண்டும் என்று கடிதம் போட்டிருந்தார். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

சுந்தரவடிவு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். வியப்பதற்கான தெம்பு அவளிடம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இதைப் படிவத்தின் எந்தப் பக்கத்தில் ஏற்றுவது என்பதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது. கூடத்துக்குள் போய் நடுவில் நின்று பார்த்தாள். பத்தொன்பது மெத்தைகள் அமுங்கியிருந்தன. பத்தொன்பது பேனாக்கள் நகர்ந்துகொண்டிருந்தன. மறு ஓரத்தில் நிலையத்தின் நிரந்தர ஆய்வாளர்கள் மூன்று பேர் தலை நிமிராமல் இருந்தார்கள்; நாலாவது ஆள் கனகசபாபதிதான். ஏழாம் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது ஜோடிச் செருப்பு அவளுடையது.

"நீங்க யாரும்மா? படிவத்துல உங்க பேர் இல்லையே."

"நான் பிலோமி, மேடம். ஒப்பந்தம். ஒப்பந்தக்காரங்க கணக்குல வர மாட்டாங்கல்லா."

பதினாலு வருஷமாக ஒப்பந்தம். பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை அவளை வேலையை விட்டு நீக்கி, ஒரு நாள் வீட்டில் உட்காரவைத்து, மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவுவதைப் பற்றித்தான் அவள் முனைவர் பட்டமே வாங்கியிருந்தாள். ஏழாம் பணியிடம் அந்தப் படிப்புக்கென்றே ஒதுக்கப்பட்டது. நான்கு தடவை விளம்பரம் வந்தது, நான்கு தடவையும் விண்ணப்பித்தாள், மூன்று தடவை நேர்காணலுக்கு அழைத்து ரத்து செய்தார்கள், நான்காவது தடவை அழைக்கவே இல்லை. வயது வரம்புக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் நாற்காலிகள் எல்லாம் பின்னால் நகர்ந்து மெத்தைகள் எழும்பிய பிறகு, பிலோமி தன் டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு வந்து சுந்தரவடிவுக்கு எதிரே உட்கார்ந்தாள். பாரை மீன் குழம்பில் பாதியை அவள் தட்டில் ஊற்றினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அதுங்க வேலை பாக்குறதை எழுதாதீங்க மேடம்."

"எழுதலைன்னா இத்தனை கட்டுரையும் பொய்னு ஆயிடும்மா. நாலு பேர் எழுதினதுன்னு யாரும் நம்ப மாட்டாங்க. நிலையத்தையே மூடச் சொல்லிடுவாங்க."

"எழுதினா இந்த இடத்தையெல்லாம் எப்பவும் நிரப்ப மாட்டாங்க. ஆள் இல்லாமலே நடக்குதே, பின்ன எதுக்கு ஆளும்பாங்க."

இரண்டும் உண்மை. சுந்தரவடிவு குழம்பைப் பிசைந்தாள். "உங்களுக்கு அது மேல கோபம் இல்லையா?" என்று கேட்டாள்.

"ஏழு மேலயா? இல்லை மேடம்." பிலோமி மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். "நல்லா வேலை பாக்குது. என்னைவிட நல்லாவே பாக்குது. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. ஒரு நாள் தலைவலின்னு கிடையாது. போன வருசம் எங்க அப்பா தவறினப்ப நான் நாலு நாள் வரல. அந்த நாலு நாள் வேலையையும் அதுவே முடிச்சு என் நோட்டுல எழுதி வச்சிருந்துச்சு, என் எழுத்து மாதிரியே. அதுக்குப் பக்கத்துல உக்காந்து வேலை பாக்குறதுதான் கஷ்டமா இருக்கு."

பிற்பகல் சுந்தரவடிவு சென்னைக்குப் போன் போட்டாள். திருவேங்கடநாதன் முழுவதையும் கேட்டார். மறுமுனையில் அவர் பேனாவால் மேஜையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப இருபத்துமூணுன்னு போட்டுடுங்க."

"ஆள் நாலுதான் சார்."

"வேலை நடக்குதா இல்லையா? நடக்குது. அப்ப காலியிடமும் ஆள்தான்." அவர் குரல் மெல்ல மெல்ல உற்சாகமானது. "இங்க மட்டும் ஏன் மேடம்? நாடு பூரா எத்தனை ஆயிரம் காலியிடம் கிடக்கு. அத்தனையும் சேத்தா பட்டியல்ல நாம பதினாலு படி ஏறிடுவோம்."

"அங்கெல்லாம் நாற்காலி வேலை பாக்கலையே சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? போய்ப் பாத்தீங்களா?"

"இல்லை."

"அப்ப பாக்கலைன்னும் சொல்ல முடியாதில்ல. திங்கட்கிழமை டெல்லிக்குப் போகணும். இருபத்துமூணு."

அவள் போனை வைத்துவிட்டு வராந்தாவில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். உப்பளத்துப் பக்கமிருந்து காற்று வந்து உதட்டில் படிந்தது. இந்த முப்பத்தோரு வருஷத்தில் மேலிருந்து சொன்ன எண்ணை அவள் எழுதாமல் இருந்ததில்லை. அதைப் பெரிய பாவமாகவும் நினைத்ததில்லை, யாரும் படிக்காத புத்தகத்தின் யாரும் பார்க்காத பக்கத்தில் ஒரு எண் கூடினால் என்ன, குறைந்தால் என்ன. ஆனால் இத்தனை வருஷத்தில், அந்த எண்ணில் நான் இல்லை என்று ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து, குழம்பு ஊற்றிக்கொண்டே சொல்லிக் கேட்டதில்லை.

படிவத்தோடு இன்னொரு தாள் உண்டு. ஒவ்வொரு ஆய்வாளரும் தனித்தனியாக நிரப்பித் தரவேண்டிய பதினாலு கேள்வித் தாள். எந்தக் கணக்காக இருந்தாலும் கேட்டுவிட்டு எழுதுவதுதான் முறை என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து போய்ப் பத்தொன்பது மேஜையிலும் ஆளுக்கொரு தாளை வைத்தாள். ஒவ்வொரு மேஜையிலும் பேனா ஒரு நொடி நின்றது, பிறகு தாளின் மீது நகர்ந்தது. நாலரை மணிக்குத் திரும்ப எடுத்தாள்.

பெயர் என்ற இடத்தை எல்லாரும் வெறுமையாக விட்டிருந்தார்கள். வயது, பால், தாய்மொழி, எல்லாம் வெறுமை. வேலை நேரத்தில் எத்தனை சதவீதம் ஆய்வுக்குச் செலவிடுகிறீர்கள் என்ற கேள்விக்கு நூறு என்று எழுதியிருந்தார்கள். கருவிகள் போதுமா என்றதற்கு, போதாது, மின்சாரம் அடிக்கடி போகிறது என்று விவரமாக எழுதியிருந்தார்கள். கடைசிக் கேள்வி: ஆய்வுப் பணியிலிருந்து விலக நேர்ந்தால் என்ன காரணத்துக்காக விலகுவீர்கள். அதற்கு எதிரே பத்தொன்பது கையெழுத்தில் ஒரே பதில் இருந்தது.

ஆள் வந்தால் எழுந்துகொள்வோம்.

கனகசபாபதி அந்தத் தாள்களை இரண்டு தடவை படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிலோமி படித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். சுந்தரவடிவு படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தாள். முப்பத்தோரு வருஷமாக அவள் கையில் இருந்தும் யாருக்கும் வாசித்துக் காட்டியிராத பக்கம்.

"ஆய்வாளர் என்பவர், கணக்கெடுப்பு நாளன்று அனுமதிக்கப்பட்ட பணியிடம் ஒன்றில் அமர்ந்து ஆய்வில் ஈடுபட்டிருக்கக் காணப்படும் நபர். இவ்வளவுதான் போட்டிருக்கு. நியமன ஆணை வேணும்னு போடலை. பிலோமி, நீங்க இத்தனை வருஷமா கணக்குல வராததுக்குக் காரணம் அந்த பிளாஸ்டிக் நாற்காலிதான்."

"அந்த நாற்காலியில போய் உக்காரச் சொல்றீங்களா?"

"நாளைக்கு வியாழக்கிழமை. நாளைக்குத்தான் கணக்கெடுப்பு நாள்னு நான் எழுதப்போறேன்."

கனகசபாபதி குறுக்கிட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, பல வருஷமாகப் பொறுப்பு வகிக்கிறவரின் பயம் இருந்தது. "மேடம், ஏழு ஒண்ணே மாசம் முப்பது கிணறு பாக்குது. ஒருதடவை எழுந்துட்டா திரும்ப வருமான்னு யாருக்குத் தெரியும்? இந்தப் பொண்ணால தனியா முப்பது கிணறு பாக்க முடியாது. சீட்டு தப்பாப் போச்சுன்னா ஊர் என்னத்தைக் குடிக்கும்?"

"எனக்கும் அந்தப் பயம்தான்" என்றாள் பிலோமி. "மாசம் பத்துக்கு மேல என்னால முடியாது. உண்மையைச் சொல்லணும்ல."

டம்ளர் எடுக்க வந்த மைதீன் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் தெருக் கிணறும் ஏழாம் நாற்காலியின் முப்பதில் ஒன்று.

"அந்த முப்பதுல எங்க கிணறும் இருக்கு" என்றார். "பாட்டில்ல தண்ணி மொண்டு, தெருப் பேரை எழுதி ஒட்டிக் கொண்டாந்து வைக்க எங்களுக்குத் தெரியாதா? அலைச்சல் பாதி குறைஞ்சிரும். சீட்டு பத்து நாள் பிந்தி வந்தா பொறுத்துக்கிடுவோம். டாக்டரம்மா, நீங்க உக்காருங்க."

முனைவர் பட்டம் வாங்கியதிலிருந்து அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்குப் பத்தொன்பது மெத்தைகளும் அமுங்கின. பிலோமி இளம்பச்சைச் சேலை கட்டி, தலையில் ஈரம் காயாமல் வந்திருந்தாள். ஏழாம் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, கூடப் படித்தவர்களிடம் இடம் கேட்கிற குரலில், "நான் உக்காரட்டுமா?" என்றாள்.

எழுதிக்கொண்டிருந்த வரியைப் பேனா முடித்தது. மூடி மாட்டிக்கொண்டது. நோட்டு அவள் பக்கமாகத் திரும்பியது. மெத்தை மெல்ல, முழங்கால் வலிக்காரர் கையை ஊன்றி எழுவது போல ஒரு பக்கமாக முதலில் எழும்பி, பிறகு முழுதாக எழும்பியது. மற்ற பதினெட்டுப் பேனாக்களும் நின்றிருந்தன. கதவு திறந்து மூடியது. தண்ணீர் பாட்டில்களோடு வராந்தாவில் வந்துகொண்டிருந்த மைதீன் ஒதுங்கி வழிவிட்டார். யாருக்கு வழிவிட்டீர்கள் என்று பிறகு கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, வயசாளி மாதிரி இருந்துச்சு, ரொம்ப அசதி, அவ்வளவுதான் என்றார்.

பிலோமி உட்கார்ந்தாள். மெத்தை இன்னும் சூடாக இருந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு அளவைத் தப்பாக எழுதி, அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். பிற்பகலில் மேஜை மீது தலையை வைத்துப் பத்து நிமிஷம் கண்ணை மூடினாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரு கிணறு முடித்திருந்தாள். சுந்தரவடிவு அவளுக்கு எதிரே ஒரு முக்காலியில் பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, நான்கு என்ற எண்ணை அடித்து ஐந்து என்று எழுதி, ஐந்தாவது வரியில் சூ. பிலோமினாள் என்று பெயரையும் பிறந்த தேதியையும் படிப்பையும் எழுதினாள். பதினெட்டுக் காலியிடங்களைக் காலியிடம் என்றே எழுதினாள். அவற்றின் பதில் தாள்களைப் பின்னால் வைத்துத் தைத்தாள். கையெழுத்துப் போட்டாள். முக்காலியிலிருந்து எழுந்தபோது முழங்கால் வலித்தது.

பிலோமி அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். தன் பெயர் இருந்த வரியை விரலால் ஒருதடவை தடவினாள். "நாட்டுக் கணக்குல வந்துட்டேனாக்கா?" என்று கேட்டாள். அதுவரை மேடம் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவள்.

"வந்துட்ட" என்றாள் சுந்தரவடிவு.

சென்னையில் திருவேங்கடநாதன் கத்தவில்லை. கத்தினால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. நேரில் எடுத்த கணக்கைத் திருத்த, அதை எடுத்தவரின் கையெழுத்து வேண்டும், அவள் கையெழுத்துப் போட மறுத்தாள், திங்கட்கிழமை வந்துவிட்டது, ஐந்து என்றே டெல்லிக்குப் போய், ஐந்து என்றே அச்சாகி, பட்டியலோடு சேர்ந்து எல்லா நாடுகளுக்கும் போனது. நாடு அந்த வருஷம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆறு மாதம் கழித்துச் சட்டமன்றத்தில் ஒருவர் எழுந்து, நெடுங்கரைப்பட்டினத்தில் ஏழாம் பணியிடம் காலி என்று துறை சொல்கிறது, நிரம்பியிருக்கிறது என்று நாட்டின் கணக்குப் புத்தகம் சொல்கிறது, எது சரி என்று கேட்டார். இரண்டும் அரசாங்கம் அச்சடித்தவை. புத்தகத்தைத் திருத்த வேண்டுமென்றால் டெல்லி எல்லா நாடுகளுக்கும் கடிதம் எழுத வேண்டும். பிலோமியை நியமிக்க வேண்டுமென்றால் ஒரு தாள் போதும். அந்தத் தாள், கணக்கெடுப்பு நடந்த வியாழக்கிழமையின் தேதியைப் போட்டு, பதிவுத் தபாலில் வந்தது.

சுந்தரவடிவுக்கும் ஒரு தாள் வந்தது. ஒப்பந்தப் பணியாளரை அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் அமரச் செய்து கணக்கில் சேர்த்த குற்றத்துக்கு விளக்கம் கேட்ட தாள். அவள் ஓய்வு பெறும் நாளன்று, மாலை வாங்கி, தேங்காய் பர்பி வாங்கி, வீட்டுக்காரர் ஆட்டோவோடு வந்து வாசலில் காத்திருந்தபோது, நான்கு மணிக்கு இன்னொரு தாள் வந்தது: விசாரணை முடியும்வரை அவளை ஓய்வு பெற அனுமதிக்க இயலாது. விசாரணை அதிகாரியின் பணியிடம் காலியாக இருந்தது. அந்த நாற்காலி அமுங்கவும் இல்லை. அதனால் அவள் மறுநாளும் அலுவலகத்துக்கு வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள், தைலப் புட்டியைத் திரும்ப மேஜையில் வைத்தாள், வந்துகொண்டே இருந்தாள்.

அடுத்த வருஷம் நெடுங்கரைப்பட்டினத்திலிருந்து வந்த படிவத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். கணக்கெடுப்பு நாளுக்கு முந்தின வாரமே நான்கு பேர் வந்து இடம் கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி பத்து வருஷமாகக் கைபேசிக் கடையில் உறையும் கண்ணாடியும் விற்றவள், ஒருவன் டியூஷன் எடுத்தவன். அதற்கடுத்த வருஷம் பதினாறு பேர். நான்கு நாற்காலி எழுந்து போனபோதும் ஏழு நாற்காலி எழுந்து போனபோதும் ஊர் வாசலில் கூடி நின்று வழிவிட்டது, சிலர் கும்பிட்டார்கள், ஒருவர் குடை கொடுத்தார், குடை வெயிலில் விரிந்தபடியே உப்பளத்து வரப்பில் போய்ச் சின்னதாகி மறைந்தது. புது ஆட்களுக்குக் காய்ச்சல் வந்தது, பிள்ளை பிறந்தது, கருவியை உடைத்தார்கள், ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தார்கள், தப்பான சீட்டு எழுதி ஒரு தெருவே மூன்று நாள் உவர்த் தண்ணீர் குடித்ததில் ஊரில் பெரிய சண்டை நடந்தது. தெருவுக்கு ஒருவர் பாட்டிலில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து கொடுப்பது வழக்கமாகிவிட்டது. மிச்சமிருந்த ஏழு நாற்காலிகளுக்கும் மைதீன் பெருநாளைக்குத் தனியாகப் பிரியாணி எடுத்து வைத்தார்.

அந்தப் பதினாறு பேர் இருந்த படிவத்தைத் திருவேங்கடநாதனே எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தார். அவர் தலையும் நன்றாக நரைத்திருந்தது. எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"நாலு பேர் இருந்தப்ப வருஷத்துக்கு இருபது கட்டுரை. இப்ப பதினாறு பேர், வருஷத்துக்கு ஆறு. சீட்டு மாசா மாசம் பிந்துது. ஆள் கூடக் கூட வேலை குறையுதே மேடம், இது என்ன கணக்கு?"

"இப்ப அங்க மனுஷங்க வேலை பாக்குறாங்க சார்."

அவர் படிவத்தைப் புரட்டினார். நாற்பத்தாறு பக்கத்தையும் முன்னும் பின்னும் தேடினார். பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"இதை எந்தக் கட்டத்துல எழுதறது?"

"அதுக்குக் கட்டம் இல்லை சார்" என்றாள் சுந்தரவடிவு. மணி ஐந்து ஆகியிருந்தது. அவள் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.